ஆறாவது வார்டும் ஒரு நல்ல மனிதரும்

அந்தோன் செகாவ் 1892-இல் வெளியிட்ட 'ஆறாவது வார்டு' என்னும் நெடுங்கதையை உருவகமாகவே படிப்பது நெடுங்கால வழக்கம். எழுத்தாளர் லெஸ்கோவ் அதில் ரஷ்யா முழுவதையும் கண்டார் என்பர். இளைஞராயிருந்த லெனின் அதனைப் படித்து முடித்த இரவில், தாமே அவ்வார்டில் அடைபட்டதுபோல் உணர்ந்து, அறையில் இருக்கமாட்டாமல் வெளியேறினார் என்று அவருடைய தமக்கையார் நினைவுகூர்ந்துள்ளார். பின்வந்தோருள் சிலர் அதனை மனித வாழ்வு என்னும் சிறையாகக் கொண்டனர். சிலர் அறிவாளிகளின் செயலின்மைக்கு விழுந்த சவுக்கடி என்றனர். இவ்விளக்கங்கள் பொருந்தாதவை அல்ல. சிறந்த படைப்புக்கு வாயில்கள் பல. ஆயினும் இவற்றையெல்லாம் படித்தபின்பு நம்முள் ஒரு மனக்குறை எஞ்சி நிற்கிறது. வார்டு நாடாகிறது, உலகாகிறது, ஆன்மாவின் இருளாகிறது. வார்டாக இருக்க மட்டும் அதனை யாரும் விடுவதில்லை. அங்கே ஐந்து மனிதர் பல ஆண்டுகளாகப் பூட்டி வைக்கப்பட்டுள்ளனர், அவர்களுக்குரியது களவு போகிறது, அவர்கள் அடிக்கப்படுகின்றனர். உருவகம் தேடும் அவசரத்தில் இவ்வைவரும் மற்றுமொருமுறை பூட்டப்படுகின்றனர்.

செகாவ் ஒரு மருத்துவர் என்பதை இங்கே நினைவிற் கொள்வது நன்று. 1890-இல் சைபீரியாவைக் கடந்து சகாலின் தீவுக்குச் சென்று, அங்கிருந்த தண்டனைக் குடியிருப்புகளில் வீடுவீடாக நுழைந்து, ஆளுக்கோர் அட்டை நிரப்பிக் கணக்கெடுத்தவர் அவர். பூட்டப்பட்ட மனிதரை அவர் கற்பனையில் மட்டும் கண்டவரல்லர். அப்பயணம் முடிந்து இரண்டே ஆண்டுகளில் இக்கதை பிறந்தது. எனவே இம்முறை நாம் இக்கதையை எழுத்துக்கு எழுத்து, ஒரு பராமரிப்பு நிறுவனத்தைப் பற்றிய கதையாகவே படிக்க விழைகின்றோம்.

படித்திராத அன்பர்களுக்காகக் கதைப்போக்கைச் சுருங்கச் சொல்லிவிடலாம். சிற்றூர் மருத்துவமனை ஒன்றின் பின்முற்றத்தில், காஞ்சொறிப் புதர்களுக்கு நடுவே, ஆணிகள் மேல்நோக்கி நிற்கும் வேலியை அடுத்து, ஒரு சிறு கட்டடம் இருக்கிறது. மனநோயாளர் ஐவர் அதனுள் அடைக்கப்பட்டுள்ளனர். கட்டில்கள் தரையோடு திருகாணியால் பிணைக்கப்பட்டுள்ளன. நிக்கீத்தா என்னும் முன்னாள் படைவீரன் காவலாளி. ஒழுங்கு என்றால் அடி என்பது அவன் அறிந்த ஒரே பாடம். மருத்துவமனைப் பொறுப்பாளர் டாக்டர் அந்திரேய் எஃபீமிச் ராகின். வார்டுப் பக்கமே போகாத அவர் ஒருநாள் தற்செயலாக உள்ளே சென்று, இவான் குரோமோவ் என்னும் படித்த நோயாளியோடு பேசத் தொடங்குகிறார். அவ்வுரையாடல் அவருக்குச் சுவைக்கிறது, அடிக்கடி செல்கிறார். மருத்துவர் ஒருவர் பைத்தியக்காரனிடம் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுகிறார் என்பதே ஊராருக்கு ஐயத்தை உண்டாக்கப் போதுமானதாகிறது. பதவி பறிபோகிறது, முடிவில், நோயாளி ஒருவரைப் பற்றிக் கருத்துரைக்க வருமாறு நயமாக அழைக்கப்பட்டு, அதே வார்டில் அவர் அடைக்கப்படுகிறார். முற்றத்தில் சற்று உலாவிவர வேண்டும் என்று கேட்டதற்காக நிக்கீத்தாவிடம் அடிபடுகிறார். மறுநாள் மாலை மூளையில் இரத்தம் பெருகி இறந்துபோகிறார்.

இக்கதையில் கொடியவன் யார்? முதல் வாசிப்பில் நிக்கீத்தாவின் பருத்த முட்டிகளே கண்ணில் நிற்கும். ஆனால் செகாவ் தம் எழுத்தின் பெரும்பகுதியை நிக்கீத்தாவுக்குக் கொடுக்கவில்லை, ராகினுக்குக் கொடுக்கிறார். இந்த ராகின் நல்லவர். இளமையில் மறைக்கல்வி பயின்று குருவாக விரும்பியவர். தந்தையின் வற்புறுத்தலால் மருத்துவரானவர். கைக்கூலி வாங்காதவர். ஊதியத்தில் பாதியைப் புத்தகங்களுக்கே செலவிடுபவர். யாரையும் அதட்ட அவருக்கு வாய் வராது. தம் வீட்டுச் சமையற்காரியிடம் தேநீர் கேட்பதற்கே தயங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்டும் கேளாமலும் கேட்பவர். இப்படியோர் உள்ளத்தை எவர்தாம் வெறுப்பர்?

பொறுப்பேற்ற நாளில் மருத்துவமனையைச் சுற்றிப்பார்த்த அவருக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அறுவைப் பகுதியில் தொற்று ஓய்வதில்லை. முழு மருத்துவமனைக்கும் அறுவைக் கத்திகள் இரண்டே. குளிக்கும் தொட்டிகளில் உருளைக்கிழங்கு கொட்டி வைத்திருக்கிறார்கள். மேற்பார்வையாளர் முதல் பலரும் நோயாளிகளைச் சுரண்டுகிறார்கள். இது நோயாளருக்குத் தீங்கு விளைக்கும் அறக்கேடான இடம், இழுத்து மூடுவதே நலம் என்ற முடிவுக்கே அவர் வருகிறார். பிறகு என்ன செய்கிறார்? வார்டுகளில் வேலையாட்கள் படுத்துறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்; கருவிகள் வைக்க இரண்டு அலமாரிகள் வாங்கி வைக்கிறார். அவ்வளவே. பசிக்கிறது என்றோ, தாதியர் கடுமையாக நடத்துகின்றனர் என்றோ நோயாளி முறையிட்டால், அவர் கூச்சப்பட்டு, பிறகு பார்க்கலாம், ஏதோ தவறான புரிதலாக இருக்கும் என்று முணுமுணுக்கிறார். பொய்க்கணக்கில் கையொப்பமிடச் சொல்லி யாரேனும் நீட்டினால் முகம் சிவந்துபோகிறார். ஆனால் கையொப்பம் இடுகிறார்.

முகம் சிவப்பதும் கை ஒப்பமிடுவதும் ஒரே வாக்கியத்தில் அமைந்திருப்பதை நாம் இக்கதையின் நெஞ்சமாகக் கருதுகின்றோம். மனச்சான்று செத்துப்போன மனிதரல்லர் ராகின். அது உயிரோடுதான் இருக்கிறது, நாணவும் செய்கிறது. ஆனால் அந்த நாணத்தால் வார்டிலிருப்பவனுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. இருபது ஆண்டுகளாக நிக்கீத்தா அடித்த ஒவ்வோர் அடியும் இந்த மென்மையான மனிதரின் அதிகாரத்தின்கீழ் விழுந்தது. நிறுவனங்களில் வாழ்வோரின் உரிமை என்று பேசத் தொடங்கும்போது, நல்லவர்கள் நடத்தும் இல்லத்தில் உரிமை எதற்கு என்று வியப்போர் உண்டு. அவ்வினாவுக்கு இதைவிடச் செம்மையான மறுமொழியை நாம் வேறெங்கும் படித்ததில்லை.

ராகினுக்கும் குரோமோவுக்கும் நிகழும் உரையாடல்கள் தனியே ஆராயத்தக்கவை. என்னை ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் குரோமோவ். ராகின் ஒளிவுமறைவின்றி விடையளிக்கிறார்: சிறைகளும் பித்தர் விடுதிகளும் இருக்கும் மட்டும் யாரேனும் அவற்றில் இருந்துதானே ஆக வேண்டும்! இருக்கை காலியாக இருத்தலாகாது என்பது போன்ற இவ்விடையில் நகைச்சுவை இருக்கிறது. ஆனால் சிரிக்க இயலவில்லை. நிறுவனம் மனிதனுக்காக இருப்பது போய், மனிதன் நிறுவனத்திற்காக இருக்கும் நிலையை இதற்குமேல் சுருக்கிச் சொல்ல முடியாது. பின்னொரு நாள் அவர், கதகதப்பான படிப்பறைக்கும் இந்த வார்டுக்கும் வேறுபாடு ஏதுமில்லை, அமைதி மனிதனின் உள்ளேதான் இருக்கிறது என்று பண்டை மெய்யியலாரைத் துணைக்கழைத்து உபதேசிக்கிறார்.

அதற்குக் குரோமோவ் தரும் மறுப்பு, நம் ஆன்மீக எழுத்துகளில் துன்பத்தைப் பற்றிச் சரளமாக எழுதப்படும் பல பக்கங்களை வெட்கமுறச் செய்வது. உயிருள்ள தசை வலிக்கு எதிர்வினை காட்டும். வலித்தால் கதறுவதும், இழிவைக் கண்டால் சினப்பதும் உயிர் இருப்பதன் அடையாளம் என்கிறார் அவர். கிறிஸ்துவையே சான்றுக்கு அழைக்கிறார்: அவர் அழுதார், சினந்தார், துயருற்றார், துன்பத்தைப் புன்னகையோடு எதிர்கொள்ளவில்லை, கெத்சமனித் தோட்டத்தில் அக்கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று மன்றாடினார். பூட்டப்பட்ட ஒரு மனநோயாளி, குருவாக விரும்பிய ஒரு மருத்துவருக்குக் கெத்சமனியை நினைவூட்டுகிறான்! இப்பகுதியின் கூர்மை பலரால் கவனிக்கப்படவில்லை என்பது நம் கருத்து. துன்புறுபவன் தன் துன்பத்தை ஒப்புக்கொடுக்கலாம். அது அவனுக்கும் ஆண்டவனுக்கும் இடையிலுள்ளது. அவனைப் பூட்டி வைத்திருப்பவர் அதைச் செய்யும்படி அவனுக்கு அறிவுரை கூறுவது வேறு செயல். வாழ்நாளில் யாராவது உங்களைச் சவுக்கால் அடித்ததுண்டா என்று குரோமோவ் கேட்கிறார். இல்லை. தந்தைகூட அவரை அடித்ததில்லை.

செகாவின் கலை சிறு பொருள்களில் வாழ்வது. வார்டில் அடைக்கப்பட்டதும் ராகினின் உடைகளைக் களைந்து நிக்கீத்தா எடுத்துச் செல்கிறான். நிறுவனத்து அங்கியைக் கொடுக்கிறான். உள்ளாடை குட்டை, சட்டை நெடிது. அங்கியில் புகையிட்ட மீனின் வாடை. எல்லாம் ஒன்றே என்று தம் மெய்யியலைச் சொல்லிக்கொள்ளும் ராகினுக்கு மறுகணமே வேறொன்று உறுத்துகிறது: கடிகாரம் எங்கே? பக்கப்பையில் இருந்த குறிப்பேடு எங்கே? சிகரெட்டுகள் எங்கே? ஒரு மனிதன் இல்லவாசியாக மாறும் கணம் இதுவே. சங்கிலியால் அன்று, சட்டைப்பை இல்லாததால்.

வேறோர் இடத்தில் செகாவ் பேசாமல் விடுகிறார். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை செம்யோன் லசாரிச் என்னும் முடிதிருத்துபவர் குடிபோதையில் சிரித்தபடி வார்டுக்கு வருகிறார். நிக்கீத்தாவின் துணையோடு அவர் எப்படி முடி வெட்டுகிறார், அவரைக் கண்டதும் நோயாளிகள் எப்படிக் கலங்குகிறார்கள் என்பதையெல்லாம் நாம் சொல்லப்போவதில்லை என்று கதைசொல்லி ஒதுங்கிக்கொள்கிறார். இலக்கியத்திற்கு இந்த மௌனம் அழகு. ஆனால் சட்டம் மௌனமாக இருத்தலாகாது. நம் நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவைப் படிப்பவருக்கு இந்த முடிதிருத்துபவர் நினைவுக்கு வராமற்போகார். கட்டாயமாகத் தலையை மழித்தல் கூடாது, விரும்பினால் சொந்த உடைகளையே அணியலாம், நிறுவனச் சீருடையைத் திணித்தல் கூடாது, வேலை செய்யக் கட்டாயப்படுத்தல் ஆகாது, செய்தால் ஊதியம் தரவேண்டும், தனிமறைவு வேண்டும், உணவும் துப்புரவும் வேண்டும். வறண்ட நடையில் அமைந்த இப்பட்டியலில் ஒவ்வொன்றும் எங்கோ ஒருவருக்கு மறுக்கப்பட்டதனால் எழுதப்பட்டது. முறையீட்டைப் பற்றிய 28-ஆம் பிரிவோ, ராகினின் முணுமுணுப்பை முன்னறிந்து எழுதியது போலவே இருக்கிறது: நிறுவனப் பொறுப்பாளரிடம் தீர்வு கிடைக்காவிட்டால், அவரைத் தாண்டி மறுஆய்வு வாரியத்திடம் செல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. பிறகு பார்க்கலாம் என்பவரே இறுதிச் செவியாக இருத்தல் ஆகாது என்பதே இதன் பொருள்.

இதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை நிறுவனத்திலேயே வைத்திருத்தல் கூடாது என்கிறது. குரோமோவின் வினாவுக்கு 125 ஆண்டுகளுக்குப்பின் எழுதப்பட்ட விடை இது.

சட்டம் எழுதப்பட்டால் போதாது என்பதை அறியத் தமிழகம் ரஷ்யாவரை செல்ல வேண்டியதில்லை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அதிகாலை, தனியார் மனநல விடுதி ஒன்றின் ஓலைக்கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலிகளால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அப்பொழுது 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்விடுதிக்கு உரிமம் இல்லை. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. எவ்வகையிலும் எவ்வடிவிலும் சங்கிலியிடுதல் கூடாது என்னும் தடை 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95-ஆம் பிரிவில் தனியே இடம்பெற்றது. அன்று அங்கே தம் உறவினரை விட்டுச்சென்ற குடும்பங்களைக் கொடியோர் என்று நாம் சொல்லத் துணியோம். நோய்க்கு வேறு வழியறியாமல், நம்பிக்கையோடு, கட்டணமும் செலுத்தி விட்டுச்சென்றவர்கள் அவர்கள். சங்கிலியும் பாதுகாப்பு என்ற பெயரிலேயே பூட்டப்பட்டது. ஆணிவேலியும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கும்.

பிறர் வீட்டைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வது இவ்விதழுக்கு அழகன்று. அயர்லாந்தில் அருட்சகோதரியரின் நான்கு சபைகள் நடத்திவந்த மகதலேனா சலவை இல்லங்களில் கடைசி இல்லம் 1996-இல்தான் மூடப்பட்டது. 1922 முதல் சுமார் 10,000 பெண்கள் அவற்றில் வாழ்ந்தனர். ஊதியமின்றிச் சலவை செய்தனர். பலருடைய சொந்தப் பெயரே மாற்றப்பட்டது. 2013 பிப்ரவரியில் அந்நாட்டுப் பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அவ்வில்லங்களில் இருந்த சகோதரியர் யாவரும் நிக்கீத்தாக்கள் அல்லர். செபித்தவர்கள், உழைத்தவர்கள், தாங்கள் பிறரன்புப் பணி செய்வதாகவே உளமார நம்பியவர்கள் அவர்களுள் பலர். நம் மறைமாவட்டங்களிலும் முதியோர் இல்லங்கள், ஆதரவற்றோர் இல்லங்கள், மனவளர்ச்சி குன்றியோர் பள்ளிகள் உண்டு. அவற்றில் அயராது பணிபுரிவோரின் ஈகத்தை நாம் அறிவோம். அந்த ஈகம் இருக்கிறது என்பதனாலேயே அங்கு முறையீட்டுப் பெட்டி தேவையில்லை, வெளியார் ஆய்வு தேவையில்லை என்று வாதிடுவது, ராகினின் நற்குணத்தைக் காட்டி நிக்கீத்தாவை மறைப்பதாகும்.

இவ்வளவு பாராட்டியபின் கதையின் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கதையின் தொடக்கத்தில் கதைசொல்லி நம்மைக் கைபிடித்து வார்டுக்குள் அழைத்துச் செல்கிறார். காஞ்சொறி சுடுமே என்ற அச்சமில்லையெனில் வாருங்கள் என்கிறார். ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துகிறார். குரோமோவிடம் வந்ததும் அவர் குரல் கனிகிறது. அவருடைய முகம் தமக்குப் பிடித்திருப்பதாகவே சொல்லிவிடுகிறார். குரோமோவ் உயர்குடியில் பிறந்தவர், படித்தவர், நயமாகப் பேசுபவர், பிறரிடம் மரியாதை காட்டுபவர். மொய்சேய்க்கா என்னும் யூத முதியவரிடமும் ஒரு சிறு பரிவு உண்டு. ஊரில் இரந்து வருவதையெல்லாம் நிக்கீத்தாவிடம் பறிகொடுத்துவிட்டு, பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் வாதநோயாளிக்குக் கரண்டியால் உணவூட்டுபவர் அவர். மார்பில் எதையோ மறைவாக அணிந்து பார்த்து, தமக்கு விருது வரவிருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் முன்னாள் அஞ்சல் ஊழியரையும் செகாவ் மென்மையாகவே வரைகிறார். தலையணைக்கடியில் யாருக்கும் காட்டாத ஒன்றை வைத்திருப்பதால், அந்த மனிதர் இன்னும் முழுதாகப் பறிக்கப்படவில்லை.

ஆனால் ஐவருள் இன்னொருவன் இருக்கிறான். கொழுத்து உருண்ட ஒரு குடியானவன், பேசமாட்டான், தன்னைத் தூய்மை செய்துகொள்ள மாட்டான். அவனை விலங்கு என்றே கதைசொல்லி குறிப்பிடுகிறார். நினைவும் உணர்வும் அவனிடம் எப்பொழுதோ அற்றுவிட்டன என்கிறார். நிக்கீத்தா அவனைத்தான் மிகக் கொடுமையாக அடிக்கிறான். அடிப்பது அன்று அச்சம் தருவது, அது பழகிவிடக்கூடியது. அடிக்கு அவன் ஓர் ஒலியும் எழுப்பாமல், ஓர் அசைவும் காட்டாமல் இருப்பதே அச்சம் தருவது என்கிறார் கதைசொல்லி. யாருக்குப் பழகிவிடும்? நமக்கா, அவனுக்கா?

இது செகாவ் விரித்த வலை, கதைசொல்லியின் கூற்றை ஆசிரியர் கூற்றாகக் கொள்ளலாகாது என்று வாதிடலாம். அவ்வாதத்தை நாம் ஓரளவு ஏற்கின்றோம். ராகினின் மெய்யியலைப் பின்னர் முறியடிக்கும் செகாவ், கதைசொல்லியின் இச்சொற்களிலும் அதே நோயை வேண்டுமென்றே விதைத்திருக்கலாம். ஆனால் அப்படி விதைத்ததற்கு அறுவடை கதையில் இல்லை. ராகின் அடிபட்டதும், இவ்வலியைத்தானே இவர்கள் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் தாங்கியிருப்பார்கள், இருபது ஆண்டுகளாக இதனை அறியாமல் எப்படியிருந்தோம் என்ற உணர்வு அவர் நெஞ்சைக் கிழிக்கிறது. கதையின் உச்சம் அது, மறக்கவொண்ணாதது. எனினும் வாசகர் வலியை நம்புவதற்கு, நூல்பல கற்ற ஒருவர் அடிபட வேண்டியிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். குரோமோவ் அதனைச் சொற்களால் முன்பே சொல்லியிருந்தார். குடியானவனோ சொற்களாலும் சொல்ல இயலாதவன்.

இல்லங்களைப் பார்வையிடச் செல்வோர் இதனை எளிதில் உணரலாம். பாடிக்காட்டும் சிறுவனையும், நம் பெயரை நினைவில் வைத்திருக்கும் பாட்டியையும் நாம் விரும்புகின்றோம். அவர்களுக்கு இனிப்புக் கொடுத்துவிட்டு வருகின்றோம். மூலைக்கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடப்பவர்மீது நம் கண் நிலைப்பதில்லை. அன்புக்கு இந்த ஓரவஞ்சனை இயல்பு. விரும்பத்தக்கோரை அது தேடிக்கொள்ளும். உரிமை என்னும் சொல்லுக்கு முகங்களைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. 20-ஆம் பிரிவு எவருடைய முகம் பிடித்திருக்கிறது என்று கேட்பதில்லை.

ராகின் அடைக்கப்படும் நாளில் செகாவ் வார்டை மீண்டும் ஒருமுறை காட்டுகிறார். வாதநோயாளி அசையாமல் உட்கார்ந்து ஓசையின்றி அழுதுகொண்டிருக்கிறான். பருத்த குடியானவன் உறங்கிக்கொண்டிருக்கிறான் என்று அடுத்து ஒரு சிறு வாக்கியம் வருகிறது. அதன்பின் அவனைப் பற்றி எச்செய்தியும் இல்லை.